சுருக்கித் தொழுத லுஹர்

சூலியா தெரு, பினாங்கு
5 ஆகஸ்ட் 1929

நூர்ஜானின் வாப்பாவுக்கு சலேஹா எழுதிக்கொள்வது. உங்கள் மீது சாந்தி உண்டாகட்டும்.

கப்பல் சுகமாகப் போய்ச் சேர்ந்திருக்கும். வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. நீங்கள் மேடானில் கடை வைத்த இந்த இரண்டு வருஷத்தில் இவ்வளவு அவசரமாக ஒரு தடவையும் வந்து போனதில்லை. மூன்றே நாள். உங்களுக்கென்று வாங்கிய வாவல் மீன் ஊறுகாயாகிவிட்டது.

கேட்கலாமா வேண்டாமா என்று ஒரு வாரமாக யோசித்துவிட்டு இதை எழுதுகிறேன். நீங்கள் வந்த மறுநாள் மதியம், வழக்கம்போல என் உடன்பிறந்த காக்காவும் கடை ஆட்களும் நம் கூடத்தில் லுஹர் தொழுகைக்கு நின்றார்கள். நீங்கள் கீழே இறங்கவில்லை. தலைவலி என்றீர்கள். நான் வெந்நீர் எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்தேன். படி ஏறும்போதே நீங்கள் தொழுகை தொடங்க இகாமத் சொல்வது கேட்டது. ஆகவே அது உபரியான சுன்னத் இல்லை, கடமையான பர்ளுத் தொழுகைதான். கதவு முக்கால் சாத்தியிருந்தது. முடிக்கட்டும் என்று வெளியே நின்றேன்.

லுஹரில் ஓதுவது யாருக்கும் கேட்காது. கண்ணால் பார்த்தால்தான் உண்டு. இரண்டாவது ரக்அத்தில் உட்கார்ந்தீர்கள். மூன்றாவதுக்கு எழுவீர்கள் என்று இருந்தேன். ஸலாம் கொடுத்து வலப்பக்கம் திரும்பினீர்கள், இடப்பக்கம் திரும்பினீர்கள், பாயை மடித்துவிட்டீர்கள். அதற்கு மறுநாளும் அப்படியே.

பயணத்தில் இருப்பவர் லுஹரின் நான்கு ரக்அத்தை இரண்டாகச் சுருக்கிக்கொள்ளலாம். இரண்டு மூன்று நாள் தங்கிப் போகிறவரும் பயணிதான். ஆனால் சொந்த ஊரில் சொந்த வீட்டில் இருப்பவருக்கு அந்தச் சலுகை இல்லை. இதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கல்யாணமான புதிதில் நாகூருக்குப் போன கப்பலில் எனக்குச் சொல்லித்தந்தவரே நீங்கள்தான்.

அப்படியானால் உங்கள் ஊர் எது? இதை மட்டும் எழுதுங்கள். மற்ற எதற்கும் அவசரமில்லை.

சலேஹா


மேடான்
13 ஆகஸ்ட் 1929

அன்புள்ள சலேஹாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே நல்ல மழை. கைலி வியாபாரம் மந்தம்தான், ஆனாலும் தோட்டத்துச் சனங்கள் சம்பள வாரத்தில் வருவார்கள். நூர்ஜானுக்கு ஒரு பாத்திக் துணி எடுத்து வைத்திருக்கிறேன். யாராவது வந்தால் கொடுத்தனுப்புகிறேன்.

நீ எழுதியது ஒரு மறதி. அவ்வளவுதான். சரக்கை எடுத்துக்கொண்டு வாரக்கணக்கில் தோட்டம் தோட்டமாகப் போகிறவன் நான். போகிற இடமெல்லாம் சுருக்கித் தொழுது கைகால் பழகிவிட்டது. அந்த இரண்டு நாள் லுஹரையும் திரும்பத் தொழுதுகொள்கிறேன். இதற்குப் போய் ஒரு வாரம் யோசித்தாயா?

மச்சானிடம் இதைச் சொல்ல வேண்டாம். அவர் வாயில் விழுந்தால் ஊர் வாயில் விழுந்த மாதிரி.

அலாவுதீன்


பினாங்கு
22 ஆகஸ்ட் 1929

நூர்ஜானின் வாப்பாவுக்கு,

நான் சொல்லவில்லை. உங்கள் மகள் சொல்லிவிட்டாள். அவளும் பார்த்திருக்கிறாள். சோற்றுக்கு உட்கார்ந்த காக்காவிடம் போய், "மாமா, வாப்பா நம்ம வீட்டுல ரெண்டு ரக்அத்துதான் தொழுதாங்க. அது கூடுமா?" என்று கேட்டாளாம். பதினைந்து வயதுப் பெண்ணுக்கு எங்கே எதைக் கேட்பது என்று தெரியவில்லை. அல்லது நன்றாகத் தெரிந்தே கேட்டாளோ என்னவோ.

காக்கா சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டார்கள். அடுப்படி வரைக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்கள்: "சலேஹா, மேடான்ல ஒரு அடுப்பு பத்திக்கிட்டு எரியுது புள்ளே. உனக்குத்தான் பொகை தெரியல."

கடை யூசுப் சும்மா இருந்திருக்கலாம். "அங்க நாலு, இங்க ரெண்டு. ஆக மொத்தம் ஆறு. சின்ன மொதலாளி நம்மளவிட ரெண்டு கூடத்தான் தொழுவுறாக லா" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நான் ஆணத்தில் உப்பைப் போட்டேனா இல்லையா என்று மறந்து இரண்டாம் தடவையும் போட்டேன். அதையும் சிரித்துக்கொண்டே சாப்பிட்டார்கள்.

மறதி என்று எழுதியிருக்கிறீர்கள். மறந்து சுருக்குகிறவர் முதல் நாள் மறப்பார். இரண்டாம் நாளுமா? மறக்கிறவருக்குத் தலைவலி எதற்கு?

பன்னிரண்டு மணி ஆனால் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. குளிக்கும் இடத்தில் கால் கழுவுகிற சத்தம், பாய் விரிக்கிற சத்தம், தொழுகையைத் தொடங்கும் காக்காவின் தக்பீர். திரைக்கு இந்தப் பக்கம் நானும் நிற்கிறேன். நெஞ்சு கட்டி நின்றதும் நீங்கள் இப்போது எங்கே, யார் வீட்டில், எத்தனை தொழுதுகொண்டிருக்கிறீர்கள் என்ற நினைப்பு வந்துவிடுகிறது. மூன்றா நான்கா என்று எனக்கே சந்தேகம் வந்து, கடைசியில் மறதிக்கான ஸஜ்தா செய்துவிட்டு எழுகிறேன். வெள்ளிக்கிழமை ஒரு நாள்தான் நிம்மதி. ஆண்கள் எல்லாரும் ஜும்ஆத் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போய்விடுவார்கள். நான் தனியாக என் நான்கைத் தொழுதுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பேன்.

சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். அங்கே ஒரு பெண் இருக்கிறாளா? இருந்தால் இருக்கிறாள் என்று எழுதுங்கள். மார்க்கம் அனுமதித்ததை என்னால் தடுக்க முடியாது. தெரியாமல் இருப்பதைத்தான் என்னால் முடியவில்லை.

சலேஹா


மேடான்
2 செப்டம்பர் 1929

சலேஹா,

பெண் யாரும் இல்லை. அல்லாஹ் சாட்சி. கம்போங் கெலிங் பள்ளிவாசலுக்குப் பின்னால் ஒரு தையல்காரர் கடைக்கு மேலே ஓர் அறை. ஒரு கட்டில், ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு. அதில் தேநீருக்கு மேல் எதுவும் கொதித்ததில்லை. மச்சானிடம் சொல், அதுதான் அவர் கண்ட அடுப்பு.

அந்த அறையில் நான் நான்கு தொழுகிறேன். நம் வீட்டில் இரண்டு தொழுதேன். மறதி இல்லை. நீ கேட்டபோது சொல்லத் தைரியம் வரவில்லை. இப்போது கோபம் வந்திருப்பதால் எழுதுகிறேன்.

உன் வாப்பா மவுத்தாகி அடக்கம் முடிந்த பிறகு கூடத்தில் நடந்த முதல் லுஹர் உனக்கு நினைவிருக்காது. நீ திரைக்குப் பின்னால் இருந்தாய். அதுவரை அவர்கள்தான் முன்னே நின்று தொழவைத்தார்கள். அன்று அந்த இடம் காலியாக இருந்தது. எவ்வளவு ஓதிய ஆலிம் விருந்துக்கு வந்தாலும், வீட்டுக்காரர் சொல்லாமல் அவர் வீட்டில் முன்னே நிற்பதில்லை. அந்த வீட்டில் குடியிருக்கும் ஆண் நான் ஒருவன்தான். ஓர் எட்டு முன்னே வைத்தேன். மச்சான் தோளில் கைவைத்து, "தள்ளிக்குங்க மாப்பிள்ளை" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. வாசலை மறித்து நிற்பவரிடம் வழி கேட்பது போலச் சொன்னார். கடை ஆட்கள் எல்லோரும் பார்த்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

தள்ளிக்கொண்டேன். அன்றிலிருந்து மேடானுக்குக் கப்பல் ஏறும்வரை இரண்டாவது வரிசையில் நின்றேன். கடையில் அவர் சொல்வது, கூடத்தில் அவர் நிற்பது, சாப்பாட்டில் மீன் தலை அவருக்கு. உன்மீது எனக்குக் குறையில்லை. ஆனால் கட்டி இருபது வருஷமான பின்னும் அந்த வீட்டில் என் பேர் மாப்பிள்ளைதான். நேற்று வந்து நாளை போகிறவன்.

இந்தத் தடவை கீழே வராததற்குக் காரணமும் அதுதான். ஊர்க்கார இமாமின் பின்னால் நின்றால் பயணியும் நான்கைத் தொழுதாக வேண்டும். அவர் பின்னால் நின்று ஊர்க்காரன் போல நடிக்க மனம் வரவில்லை. மாடியில் இரண்டோடு முடித்தபோது, பல வருஷத்துக்குப் பிறகு பொய் சொல்லாமல் தொழுததுபோல் இருந்தது.

அலாவுதீன்


பினாங்கு
10 செப்டம்பர் 1929

நூர்ஜானின் வாப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை நாலைந்து தடவை படித்தேன். பெண் இல்லை என்றதும் அழுதேன். பிறகு கோபம் வந்தது. பெண் இருந்திருந்தாலே தேவலை என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. அதற்கு என்னிடம் பதில் இருந்தது. இதற்கு இல்லை.

என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சோறு போடும்போது, கைலி மடிக்கும்போது, நூர்ஜானுக்கு அம்மை போட்டு நாம் இரண்டு பேரும் மாறி மாறி விழித்திருந்தபோது. நீங்கள் சொல்லவில்லை. அல்லாஹ்விடம் இரண்டு ரக்அத்தில் சொல்லிவிட்டுக் கப்பல் ஏறிவிட்டீர்கள். நான் கதவிடுக்கில் நின்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

அந்த வீடு ஏன் என் பேரில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாதா? நாகூரில் உங்கள் உம்மாவுக்கும் வீடு எழுதித்தான் கட்டிக்கொடுத்தார்கள். அங்கே உங்கள் வாப்பாவும் வந்தவர்தான். மாப்பிள்ளையைச் சிறுக்கவைக்க யாரும் பெண்ணுக்கு வீடு எழுதுவதில்லை. ஒரு மனிதர் கோபத்தில் மூன்று தடவை ஒரு சொல்லைச் சொல்லிவிட்டால், மறுநாள் காலையில் அந்தப் பெண் நிற்க ஒரு கூரை வேண்டும். அதற்காக. எனக்குக் காலூன்ற இடம் இருப்பதாலேயே உங்களுக்கு இடம் இல்லாமல் போய்விட்டது என்றால், நான் எதை விட வேண்டும் என்று சொல்கிறீர்கள்?

நான் திரைக்குப் பின்னால் இருந்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆமாம், இருந்தேன். எனக்குக் குரல் மட்டும் கேட்டது. வாப்பாவின் குரல் இருந்த இடத்தில் அன்று காக்காவின் குரல் வந்தது. நீங்கள்தான் அவர்களை நிற்கச் சொல்லியிருப்பீர்கள் என்று நினைத்தேன். பெரியவருக்கு விட்டுக்கொடுத்தார் என்று உங்களைப் பற்றிப் பெருமையாகக்கூட இருந்தது. இப்போது அந்தப் பெருமையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

சலேஹா


மேடான்
18 செப்டம்பர் 1929

சலேஹா,

நீ எதையும் விட வேண்டாம். வீட்டைப் பூட்டிவிட்டு நூர்ஜானோடு இங்கே வா. ஒரு சின்ன வீடு பார்க்கிறேன். மாடி இருக்காது, கூடம் இருக்காது. நாம் மூன்று பேர் இருப்போம். பெலாவான் துறைமுகத்துக்கு நானே வந்து கூட்டிப்போகிறேன். இதற்கு மேல் எனக்கு வழி தெரியவில்லை.

அலாவுதீன்


பினாங்கு
2 அக்டோபர் 1929

நூர்ஜானின் வாப்பாவுக்கு,

வரமாட்டேன். உங்கள்மேல் உள்ள கோபத்தால் இல்லை. நான் வீட்டைப் பூட்டினால் சாவி காக்காவிடம் போகும். நீங்கள் ஓர் எட்டு பின்னால் போனீர்கள். நான் கடல் தாண்டிப் போக வேண்டுமா?

வேறொன்று செய்தேன். சரியா தவறா என்று இன்னும் தெரியவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

பள்ளிவாசலில் தொழவைக்கும் லெப்பையை வரவழைத்து, திரைக்குப் பின்னாலிருந்து கேட்டேன்: வீடு ஒரு பெண்ணுடையது, அங்கே ஆண்கள் கூடித் தொழுகிறார்கள், முன்னே நிற்பவர் யார் என்று சொல்வது யார்? "பெண் ஆண்களுக்கு முன்னே நிற்க முடியாது தாயே. ஆனா வீட்டுக்காரவங்க நீங்க. யாரு நிக்கட்டும்னு நீங்க சொல்லலாம்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எம் பேரச் சொல்லிராதீங்க" என்றார். சொல்லிவிட்டேன், பாவம்.

போன வாரம் திங்கட்கிழமை மதியம் பாய் விரிக்கவில்லை. திரையைத் தாண்டி முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு கூடத்தில் வந்து நின்றேன். ஆட்கள் கால் கழுவிவிட்டு வந்து என்னைக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

"பாய் எங்க புள்ளே?" என்றார்கள் காக்கா.

"உள்ள இருக்கு காக்கா."

"போடச் சொல்லு, நேரமாவுதுல்ல."

"இன்னையிலேருந்து பள்ளியில போய்த் தொழுதுக்குங்க. சாப்பாடு எப்பவும்போல இங்கதான்."

சிரித்தார்கள். "பள்ளிக்கு எனக்கு வழி தெரியும். எங்க வாப்பா போட்ட பாயில தொழுவ நான் எவன்ட்ட கேக்கணும்?"

"என்கிட்ட."

என் முழங்கால் நடுங்கியது.

"ஓ. மேடான்லேருந்து கடுதாசி வந்துருக்கு. புரியுது. வீடு உன் பேர்ல கெடக்கு, சரி. அவரு பேர்ல இல்லியே. அவருக்கு இதுல என்னா பாத்தியதை?"

"என் பேர்ல கெடக்கறதாலதான் நான் சொல்றேன். முன்னாடி யாரு நிக்கறதுன்னு வீட்டுக்காரவங்க சொல்லணும். லெப்பைகிட்ட கேட்டுட்டேன். நான் சொல்ற ஆளு மேடான்ல இருக்காங்க. அவங்க வர்ற வரைக்கும் அந்த எடம் சும்மா கெடக்கட்டும்."

"வரலன்னா?"

"சும்மாவே கெடக்கும்."

காக்கா என்னை ரொம்ப நேரம் பார்த்தார்கள். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது கடைத்தெருவில் கையை உதறிவிட்டு ஓடினால் பார்ப்பார்களே, அதே பார்வை. "வாங்கடா" என்று திரும்பினார்கள். யூசுப் மட்டும் பின்தங்கி, "ஆணம் உண்டுல்ல ராத்தா?" என்று ரகசியமாகக் கேட்டான். காக்கா வாசலிலிருந்து ஓர் அதட்டல் போட்டதும் அவனும் போய்விட்டான்.

அன்றைக்கு எட்டு ஆள் சோறு அப்படியே இருந்தது. "இதை யாரு உம்மா திங்கிறது?" என்றாள் நூர்ஜான். தெருமுனையில் நின்ற ரிக்‌ஷாக்காரர்களைக் கூப்பிட்டுப் போட்டாள். மறுநாள் காக்கா வீட்டுக்கு மீன் ஆணம் கொடுத்தனுப்பினேன். மூடியைத் திறக்காமல் திரும்பி வந்தது. நம் வீட்டுப் பக்கம் இப்போது யாரும் வருவதில்லை. காக்கா தெருவில் எதிர்ப்பட்டால் அந்தப் பக்க நடைபாதைக்கு மாறுகிறார்கள். வாப்பா இல்லாத வீட்டில் எனக்கு வாப்பாவாக இருந்தவர்கள். மதியம் ஆனால் கூடம் அவ்வளவு பெரிதாகத் தெரிகிறது. எழுந்து உட்கார்ந்து, உட்கார்ந்து எழுந்து, லுஹர் வரும்வரை படியில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறேன்.

இதை உங்களுக்காகச் செய்தேன் என்று நினைக்க வேண்டாம். பாதி உங்களுக்காக. என் வீட்டில் என்னைக் கேட்காமலே ஒரு காரியம் இத்தனை வருஷம் நடந்திருக்கிறது என்று உங்கள் கடிதத்தைப் படித்த பிறகுதான் உறைத்தது. மீதிப் பாதி அதற்காக.

இனி உங்களைத் தள்ளிக்கொள்ளச் சொல்ல யாருமில்லை. வருகிறீர்களா?

சலேஹா


மேடான்
9 அக்டோபர் 1929

சலேஹா,

வருகிறேன் என்று எழுதி ஒரு தாளைக் கிழித்தேன். வரவில்லை என்று எழுதி இன்னொன்றைக் கிழித்தேன்.

மச்சான் அங்கே நின்றவரை எனக்கு ஒரு காரணம் இருந்தது. இப்போது அந்த இடம் காலி என்கிறாய். படிக்கும்போதே பயமாக இருக்கிறது. நான் வந்து நின்றால் நீ கொடுத்ததால் நின்றவன் என்பார்கள். நிற்காவிட்டால் கொடுத்தும் நிற்கத் தெரியாதவன் என்பார்கள். உன்னை உன் அண்ணனிடமிருந்து பிரித்தவன் என்பது எப்படியும் இருக்கும்.

உன் முழங்கால் நடுங்கியது என்று எழுதியிருந்தாயே. அதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அலாவுதீன்


கப்பித்தான் பள்ளிவாசல், பினாங்கு
19 அக்டோபர் 1929, சனிக்கிழமை, முற்பகல்

சலேஹா,

இன்று காலைக் கப்பலில் வந்து இறங்கினேன். வீட்டுக்குத்தான் புறப்பட்டேன். கால் இங்கே கொண்டுவந்துவிட்டது. கைகால் கழுவி ஒளுச் செய்யும் தொட்டி ஓரம் பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கூப்பிடு தூரத்தில் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறேன். பாங்கு சொல்லும் மோதினார் இதைக் கொண்டுவருவார். சிரிக்காதே.

சற்று முன் மச்சான் வந்தார். என்னைப் பார்த்ததும் நின்றார். ஸலாம் சொன்னார், பதில் சொன்னேன். எனக்கு மறுபக்கத்தில் உட்கார்ந்து முகம் கழுவினார். வெகுநேரம் கழுவினார். அவருக்கும் வயதாகிவிட்டது.

மேடான் அறையை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. சாவி பையில் இருக்கிறது. எத்தனை நாள் இருப்பாய் என்று யார் கேட்டாலும் என்னிடம் பதில் இல்லை. பதில் இல்லாதவன் எந்த நிய்யத்தை மனதில் வைத்து உன் கூடத்தில் போய் நிற்பது? லுஹரை இங்கேயே ஒரு வரிசையில் நின்று தொழுதுவிட்டுப் பிறகு வரட்டுமா?

அலாவுதீன்


உங்கள் கடிதத்தின் பின்பக்கத்திலேயே எழுதுகிறேன். மோதினார் வாசலில் நிற்கிறார், பாங்கு சொல்ல நேரமாகிறதாம்.

இப்போதே வாருங்கள். நூர்ஜான் பாய் விரித்துவிட்டாள். கடை ஆட்கள் இல்லை, பார்க்க யாரும் இல்லை. அவளும் நானும்தான் பின்னால் நிற்போம். காக்காவையும் சாப்பிடக் கூப்பிட்டேன் என்று சொல்லுங்கள். வந்தால் வரட்டும்.

சாவி பையிலேயே இருக்கட்டும். எத்தனை நாள் என்று நான் கேட்கவில்லை, நிய்யத் உங்களுடையது. பயணியின் பின்னால் நிற்கும் ஊர்க்காரர் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். நீங்கள் இரண்டில் ஸலாம் கொடுத்தால், நாங்கள் எழுந்து மீதி இரண்டையும் தொழுதுகொள்வோம்.

சலேஹா